வெரிகோஸ் லேசர்: நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் டாக்டர் வேண்டும்

நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் வெரிகோஸுக்கு (காலில் நரம்பு புடைத்து வீங்குவது) லேசர் செய்யும் ரத்தநாள சர்ஜன் தெரிந்தால் சொல்லுங்க. முந்திரி ஆலையில் நின்றே வேலை பார்க்கும் அக்காவுக்கு. கணுக்கால் உட்புறம் கருத்து அரிக்குது. அடுத்தது புண்ணாகலாம், தள்ளிப்போட முடியாது.

நிற்கவைத்து டாப்ளர் (ரத்த ஓட்டம் பார்க்கும் ஸ்கேன்) எடுப்பவராக இருக்கணும். படுக்கவைத்து மட்டும் பார்த்தால், ரத்தம் கீழே திரும்பாமல் தடுக்கும் வால்வின் கசிவு தப்பிடலாம். தொடையிலுள்ள பெரிய சஃபீனஸ் நாளத்தில் ரத்தம் 0.5 விநாடிக்கு மேல் கீழே திரும்பினால் முதலில் அதைத்தான் அடைக்கணும். அதை விட்டுட்டு, தோலுக்கு மேலே வலைபோல் தெரியும் மெல்லிய சிலந்தி நரம்புக்கு மட்டும் ஊசி போட்டால் மறுபடி வரும். ஆழ்நாளத்தில் பழைய ரத்தக்கட்டு இருக்கான்னும் அதே ஸ்கேனில் பார்க்கணும். பாதத் துடிப்பு பார்க்காமல் இறுக்கக் காலுறை எழுதுபவர் வேண்டாம்.

ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரியில் இதற்கு எந்தக் கிழமை ஓபி? முதலமைச்சர் காப்பீட்டு அட்டையை இதற்கு எந்த ஆஸ்பத்திரியில் ஏத்துக்குவாங்க?