கோடைநேரம் வேண்டுமா, வேண்டாமா?

வைகறை:
மார்ச் இரண்டாவது ஞாயிறு, அதிகாலை 2 மணிக்கு அமெரிக்கக் கடிகாரம் 3-க்குத் தாவும், அதுதான் கோடைநேரம். நவம்பர் முதல் ஞாயிறு வழக்கமான நேரத்துக்குத் திரும்பி வரும். இந்தக் கூத்து போதும் என்பதில் பெரும்பாலானவர்களுக்கு ஒரே கருத்து, எப்படி நிறுத்துவது என்பதில்தான் சண்டை. நான் வலதுசாரி, குடியரசுக் கட்சிக்கு ஓட்டுப் போடுகிறவன். கோடைநேரத்தை அடியோடு எடுத்துவிட்டு, ஆண்டு முழுக்க வழக்கமான நேரத்தில் இருப்போம் என்கிறேன். சூரியன் உச்சிக்கு வரும்போது மணி 12-ஐ ஒட்டி இருக்கட்டும். அதில் கைவைக்கிற வேலை அரசாங்கத்துக்கு எதற்கு?

1918-ல் உலகப்போரைக் காரணம் காட்டிக் கொண்டுவந்தார்கள். விவசாயிகள் கொதித்துப்போய் எதிர்த்ததால், மறு ஆண்டே அதிபர் வில்சனின் வீட்டோவையும் (மறுப்பையும்) மீறி, நாடாளுமன்றமான காங்கிரஸ் அதை ரத்து செய்தது. ஆனால் இன்றுவரை 'விவசாயிகளுக்காக வந்த ஏற்பாடு' என்றுதான் பேச்சு! பனி காயாமல் வைக்கோலை அள்ள முடியாது, மாடு கடிகாரம் பார்த்துப் பால் சுரக்காது. யாருக்கு வேண்டாமோ அவர்கள் தலையிலேயே பழியைப் போட்டுவிட்டோம்.

அந்திவெயில்:
வைகறை சார், மாற்றி மாற்றி வைப்பது வேண்டாம் என்பது சரி. ஆனால் நிறுத்துவதாக இருந்தால் கோடைநேரத்திலேயே நிறுத்துங்கள். டிசம்பரில் 5 மணிக்கு வேலை முடிந்து வெளியே வந்தால் கும்மிருட்டு. பிள்ளைகள் எப்போது விளையாடுவார்கள்? உங்கள் கட்சிக்காரர் மார்கோ ரூபியோவின் 'சன்ஷைன் புரொடெக்‌ஷன் ஆக்ட்', அதாவது கோடைநேரத்தை நிரந்தரமாக்கும் மசோதா, 2022 மார்ச்சில் மேலவையான செனட்டில் ஒருவர்கூட மறுக்காமல் நிறைவேறியதே, அதற்கு என்ன சொல்கிறீர்கள்?

வைகறை:
ரூபியோ செய்தது தவறு என்றுதான் சொல்கிறேன். தலைக்கணக்கு ஓட்டெடுப்பே நடக்கவில்லை. யாரும் ஆட்சேபிக்காததால் நிறைவேறியதாக எடுத்துக்கொண்டார்கள். கீழவை அதைத் தொடவே இல்லை. டிரம்ப் 2024 டிசம்பரில் கோடைநேரத்தை ஒழிப்போம் என்றார், அடுத்த மார்ச்சில் இது ஐம்பதுக்கு ஐம்பது விவகாரம் என்று கைவிட்டார். எனக்கு அதில் உண்மையான வருத்தம்.

நீங்கள் கேட்பதைச் செய்தே பார்த்தாகிவிட்டது. எண்ணெய் நெருக்கடியின்போது அதிபர் நிக்சன் கையெழுத்திட்டு, 1974 ஜனவரியில் குளிர்காலத்திலும் கோடைநேரம் வந்தது. அதற்கு முந்தைய டிசம்பரில் 79 சதவீத ஆதரவு, பிப்ரவரியில் 42. பிள்ளைகள் இருட்டில் பள்ளிப் பேருந்துக்காக நின்றார்கள். புளோரிடாவில் அந்த இருட்டில் குழந்தைகள் வண்டியில் அடிபட்டுச் செத்தார்கள். அந்த அக்டோபரிலேயே சட்டத்தைத் திருத்திப் பின்வாங்கினார்கள். டெட்ராய்ட்டில் ஜனவரித் தொடக்கத்தில் இப்போதே 8 மணிக்குத்தான் விடிகிறது. உங்கள் கணக்கில் 9. வேலியில் போன ஓணானை மடியில் கட்டிக்கொள்ளச் சொல்கிறீர்கள்.

இரவுப்பணி:
நான் நர்ஸ். உங்கள் சண்டையில் நவம்பர் இரவை மறந்துவிட்டீர்கள். 1:59-க்குப் பிறகு மறுபடியும் 1:00. மருந்து கொடுத்த நேரம் 1:30 என்றால் எந்த 1:30? அந்த ஒரு மணி நேரம் கணினிப் பதிவை நிறுத்திவிட்டுக் காகிதத்தில் எழுதுவோம். இரட்டைக் குழந்தைகளில் மூத்தது 1:50-க்குப் பிறந்து, இளையது அரை மணி கழித்துப் பிறந்தால் அதன் நேரம் 1:20! பதிவேட்டில் தம்பிதான் அண்ணன். எந்த நேரமோ, ஒன்றைப் பிடித்து நில்லுங்கள்.

அந்திவெயில்:
சிரித்துவிட்டேன் அக்கா. ஆனால் வைகறை சார், 1974 அந்தக் காலம். காலையில் இருட்டு என்றால் பள்ளியை ஒரு மணி நேரம் தள்ளித் தொடங்கலாமே?

வைகறை:
இதைத்தானே நானும் கேட்கிறேன்! பள்ளி நேரத்தை மாற்றலாம் என்றால் அலுவலக நேரத்தையும் மாற்றலாமே? சீக்கிரம் வந்து சீக்கிரம் போங்கள். அதற்கு நாடு முழுக்க ஏன் கடிகாரம் பொய் சொல்ல வேண்டும்? மின்சாரம் மிச்சம் என்பதும் எடுபடாது. இண்டியானா மாநிலம் முழுக்க 2006-ல் கோடைநேரத்துக்கு மாறியபோது வீட்டு மின்சாரச் செலவு ஏறக்குறைய 1 சதவீதம் கூடியது என்றுதான் ஆய்வு சொன்னது. விளக்கில் மிச்சம் பிடித்ததை ஏசி தின்றுவிட்டது.

அந்திவெயில்:
என் மேலாளரிடம் போய் 'நான் மட்டும் 4 மணிக்குக் கிளம்புகிறேன்' என்று சொல்லிப் பாருங்கள், தெரியும். வாடிக்கையாளர் 5 மணிவரை போன் செய்வார். எல்லாரும் சேர்ந்து மாறினால்தான் மாற முடியும், அதற்குத்தான் சட்டம். சம்பளக்காரன் தனியாக என்ன செய்ய முடியும்? சுதந்திரம் முதலாளிக்கு மட்டும்தானா?

வைகறை:
நியாயமான கேள்வி. ஆனாலும் அந்த மாலை வெயிலுக்காகக் காலையில் இருட்டில் நிற்கப்போவது இன்னொருவர் பிள்ளை. புதுச் சட்டமும் தேவையில்லை. 1966 சட்டப்படி எந்த மாநிலமும் வழக்கமான நேரத்திலேயே இருந்துகொள்ளலாம். ஹவாய் அப்படித்தான் இருக்கிறது, அரிசோனாவும். நிரந்தரக் கோடைநேரத்துக்குத்தான் காங்கிரஸ் வாசலில் நிற்க வேண்டும். புளோரிடா 2018-ல் தீர்மானித்துவிட்டு இன்னும் நிற்கிறது.

அந்திவெயில்:
அரிசோனாவையா உதாரணம் காட்டுகிறீர்கள்? அங்கே நவாஹோ பழங்குடியினரின் நிலத்தில் கோடைநேரம் உண்டு, அதற்குள்ளே இருக்கும் ஹோப்பி பழங்குடியினரின் நிலத்தில் கிடையாது. நவாஹோ ஊரான டியூபா சிட்டியிலிருந்து பக்கத்து ஹோப்பி ஊரான மோயென்கோபிக்குப் போனால் மணி மாறிவிடும். 50 மாநிலமும் இப்படி ஆளுக்கொரு மணி வைத்தால் இரவுப்பணி அக்காவின் பதிவேடு என்ன ஆகும்?

வைகறை:
ஹோப்பிகளை விடுங்கள், அவர்கள் கடிகாரத்தைத் தொடவே இல்லை. எங்கள் சட்டசபை உறுப்பினருக்கு நேற்றே கடிதம் அனுப்பிவிட்டேன்.