மறுகட்டமைப்பு அணி ஃப்ரீ ஏஜென்ட்டுக்குக் கொட்டிக் கொடுக்கலாமா?

கேள்வி: அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான NBA-வில், 2022-23 சீசனில் 22 வெற்றி, 60 தோல்வி. அப்படித் தோற்று, இளம் வீரர்களை வைத்து அணியை மறுபடி கட்டிக்கொண்டிருந்த ஹூஸ்டன் ராக்கெட்ஸ், 2023-இல் ஃப்ரீ ஏஜென்ட்டாக (ஒப்பந்தம் முடிந்து எந்த அணியிலும் சேரக்கூடிய வீரராக) இருந்த ஃப்ரெட் வான்வ்லீட்டுக்கு வருஷம் 4 கோடி டாலருக்கு மேல் கொடுத்தது சரியா?

பதில் 1: தொகையை விடுங்க, வருஷத்தைப் பாருங்க. மூணு வருஷ ஒப்பந்தம், மூணாவது வருஷம் வச்சுக்கிறதும் விடுறதும் அணியின் விருப்பம். சரிவரலைன்னா ரெண்டோட கழற்றிவிடலாம். வீரர்கள் சம்பளத்துக்கு லீக் வைக்கிற வரம்பில் 90 சதவீதம் எப்படியும் செலவழிச்சே ஆகணும். மிச்சம் பிடிச்சு என்ன பண்றது?

பதில் 2: அதே கோடையில் ராக்கெட்ஸ் எடுத்த டில்லன் ப்ரூக்ஸ் ஒப்பந்தம் இன்னும் சாமர்த்தியம். நாலு வருஷம், வருஷாவருஷம் இறங்குற சம்பளம். அணியின் இளம் வீரர்கள் ஜேலன் கிரீன், ஷெங்கூனுக்கு ரூக்கி ஒப்பந்தம் (புதுமுக வீரருக்கான குறைஞ்ச சம்பள ஒப்பந்தம்) முடிஞ்சு சம்பளம் ஏறும்போது இவர் சுமை குறையும். 2025-இல் நட்சத்திர வீரர் கெவின் டுரான்ட்டை ட்ரேடில் (வீரர்களை மாத்திக்கிற பேரத்தில்) வாங்கினப்போ, ரெண்டு பக்கச் சம்பளக் கணக்கையும் நேர்செய்ய பதிலுக்கு அனுப்பினவங்களில் ப்ரூக்ஸும் ஒருத்தர். ஆனா ஒண்ணு: கோடையில் கையெழுத்துப் போட்ட ஃப்ரீ ஏஜென்ட்டை அந்த வருஷம் டிசம்பர் 15-க்கு முன்னாடி ட்ரேட் பண்ண முடியாது.

பதில் 3: பொருத்தம்தான் முக்கியம். அணிக்கு நிதானமான பாயின்ட் கார்டு (ஆட்டத்தை நடத்துற வீரர்) இல்லை, அதனால வான்வ்லீட். அதே காசை இன்னொரு ஸ்கோரருக்குக் கொடுத்திருந்தா கிரீன் கையில பந்தே வந்திருக்காது. அடுத்த சீசன் 41 வெற்றி, 41 தோல்வி. புதுசா வந்த பயிற்சியாளர் உடோகாவின் பயிற்சிக்கும் அதில் பங்கு உண்டு, எல்லாத்தையும் ஒப்பந்தக் கணக்கில் எழுதாதீங்க.