புது ஆவணப்பட டிவிடிகள் ஓடவில்லை, தமிழ் சப்டைட்டிலும் சரியாக வரவில்லை (டர்பன், கல்லூரி நூலகம்)

வணக்கம். டர்பனில் ஒரு கல்லூரி நூலகத்தில் ஒலி-ஒளிப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். இந்தத் தவணை புதிதாகச் சில கல்வி ஆவணப்படங்கள் வாங்கினோம். சுவாமிமலையில் பஞ்சலோகச் சிலை வார்ப்பதைப் பற்றிய டிவிடி சென்னையிலிருந்து வந்தது. பவளப்பாறைகளைப் பற்றியது அமெரிக்காவிலிருந்து. நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களைப் பற்றிய படம் மட்டும் இங்கிலாந்திலிருந்து வீடியோ ஃபைலாகவே வந்தது.

சென்னை டிவிடியையும் அமெரிக்க டிவிடியையும் அரங்கில் உள்ள பிளேயரில் போட்டால் 'ரீஜன் தவறு' (எந்த நாட்டுப் பகுதியில் ஓடும் என்பதற்கான எண் பொருந்தவில்லை) என்று சொல்லி நின்றுவிடுகிறது. நூலகக் கணினியில் போட்டபோது ரீஜனை மாற்றவா என்று கேட்டது. உதவிக்கு வரும் மாணவர் சரி, சரி என்று அழுத்தியிருக்கிறார். இப்போது இன்னும் 2 முறைதான் மாற்றலாம் என்று காட்டுகிறது.

மூன்றாவது படம்தான் எனக்கு முக்கியம். நவம்பர் 16 அன்று அதைத் திரையிட வேண்டும். 1860இல் அதே தேதியில்தான் ட்ரூரோ கப்பல் சென்னையிலிருந்து 342 பேரோடு இங்கே கரை சேர்ந்தது. சாட்ஸ்வொர்த், மெரிபேங்க் பக்கமிருந்து பெரியவர்கள் வருவார்கள். அவர்களுக்கு ஆங்கில விவரணையே போதும். ஆனால் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புப் பிள்ளைகளும் வருகிறார்கள். அவர்கள் திரையைப் பார்த்தே படித்துப் பழகட்டும் என்று தமிழாசிரியர் ஒருவர் முழுப் படத்துக்கும் தமிழில் சப்டைட்டில் தட்டச்சு செய்து கொடுத்தார். படத்தில் கப்பல் பதிவேட்டை நெருக்கத்தில் காட்டும் இடம் ஒன்று உண்டு. பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, ஊர், உடம்பில் உள்ள அடையாளம் என்று வரிசையாக வாசிப்பார்கள். அந்த வரிகளைப் பிள்ளைகள் தமிழில் படிக்க வேண்டும் என்பது என் ஆசை.

மடிக்கணினியில் போட்டால் தமிழுக்குப் பதிலாக ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்து வருகிறது. அவர் பிறகு அனுப்பிய இன்னொரு ஃபைலில் தமிழ் தெரிகிறது, ஆனால் போகப்போகப் பேச்சுக்குப் பின்தங்குகிறது. அதையே பென்டிரைவில் போட்டு அரங்கின் டிவியில் செருகினால் வெறும் கட்டங்கள்தான். எங்கிருந்து சரிசெய்யத் தொடங்குவது?

பதில் 1 (லெனேசியா)

தம்பி, முதலில் அந்தக் கணினியில் ரீஜனை யாரும் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மொத்தம் 5 முறைதான் மாற்ற விடும். கடைசியாக எதில் வைத்தீர்களோ அதிலேயே பூட்டிக்கொள்ளும். அந்தக் கணக்கு டிரைவுக்குள்ளேயே இருப்பதால் விண்டோஸை அழித்துத் திரும்பப் போட்டாலும் பயனில்லை. மீதமிருக்கும் இரண்டு மாற்றங்களில் ஒன்றைப் பயன்படுத்தி 2க்குத் திருப்பி அப்படியே விட்டுவிடுங்கள்.

தென்னாப்பிரிக்கா ரீஜன் 2, இங்கிலாந்தும் அதே 2. அதனால்தான் அங்கிருந்து வாங்கும் டிவிடிகள் இங்கே தொல்லை தருவதில்லை. இந்தியா 5, அமெரிக்கா 1. டிவிடி பழுது என்று நினைத்துத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள். எல்லா ரீஜனும் ஓடும் பிளேயர் ஒன்றை நூலகத்துக்கு வாங்கச் சொல்வதுதான் நிரந்தர வழி. அதற்குள் விற்றவர்களுக்கு எழுதி, எங்கும் ஓடும் ரீஜன் 0 என்று போட்ட டிவிடியாகவோ ஃபைலாகவோ மாற்றித் தருவார்களா என்று கேளுங்கள். கல்வி நிறுவனம் கேட்டால் பெரும்பாலும் செய்து கொடுப்பார்கள்.

அமெரிக்க டிவிடி என்.டி.எஸ்.சி. என்ற அந்த நாட்டு டிவி முறையில் இருக்கும். இன்றைய பிளேயரும் டிவியும் அதைத் தாங்கும். பழைய குழாய் டிவியில் மட்டும் கறுப்பு வெள்ளையாகத் தெரியலாம்.

பதில் 2 (பீட்டர்மாரிட்ஸ்பர்க், தமிழ் ஆசிரியை)

சப்டைட்டிலுக்கு நான் சொல்கிறேன் தம்பி. உங்களுக்கு இருப்பது மூன்று தனித்தனிக் கோளாறு. சேர்த்துப் பார்த்தால்தான் குழப்பம்.

ஆங்கில எழுத்தாக வரும் ஃபைலை அந்த ஐயா பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்திருப்பார். எங்கள் தலைமுறை ஆசிரியர்கள் பலருக்கு இன்னும் அதுதான் கைப்பழக்கம். யூனிகோடு மாற்றியில் ஒட்டினால் நல்ல தமிழாகிவிடும். நேரக் குறிப்புகளை விட்டுவிட்டு வசனங்களை மட்டும் மாற்றுங்கள். பிறகு நோட்பேடில் யூ.டி.எஃப்-8 என்ற குறிமுறையில் சேமியுங்கள். இரண்டாவது ஃபைலில் எல்லா வசனமும் இருந்தால் இந்த வேலையே தேவையில்லை.

பின்தங்குவதற்குக் காரணம் சட்டக வேகம், அதாவது நொடிக்கு எத்தனை படச் சட்டகம் ஓடுகிறது என்பது. தொடக்கத்தில் சரியாக இருந்து போகப்போக இடைவெளி கூடுகிறது என்றால் அதுவேதான். முதலிலிருந்து கடைசிவரை ஒரே அளவு தள்ளியிருந்தால் வேறு கதை, வி.எல்.சி. என்ற படம் ஓட்டும் மென்பொருளில் ஜி, ஹெச் விசைகளாலேயே சரிசெய்யலாம். அவர் பார்த்து நேரம் குறித்த பிரதி நொடிக்கு 23.976 சட்டகத்தில் இருந்திருக்கும், உங்களிடம் வந்தது 25. ஒரு மணி நேரப் படம் 25இல் ஓடினால் ஏறக்குறைய இரண்டரை நிமிடம் முன்னதாக முடியும். சப்டைட்டில் எடிட் என்ற இலவச மென்பொருளில் ஃபைலைத் திறந்து, சட்டக வேகம் மாற்றும் இடத்தில் 23.976இலிருந்து 25 என்று கொடுங்கள். ஒரே சொடுக்கில் எல்லா வரியும் இடத்துக்கு வந்துவிடும். பதிவேடு வாசிக்கும் இடத்தை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். வரிகள் வேகமாக மாறும் இடம், பிசகு அங்கேதான் முதலில் தெரியும்.

டிவியில் கட்டம் வருவது டிவியின் குறை. அதற்குள் தமிழ் எழுத்துரு கிடையாது. சில டிவிகளில் எழுத்து வந்தாலும் கொம்பும் காலும் எழுத்தை விட்டுப் பிரிந்து நிற்கும். புதிதாகப் படிக்கும் பிள்ளைகளுக்கு அதைக் காட்டவே கூடாது. மடிக்கணினியில் நிர்மலா எழுத்துரு வைத்து வி.எல்.சி.யில் ஓட்டி, எச்.டி.எம்.ஐ. கேபிளில் டிவிக்குக் கொடுங்கள்.

பதில் 3 (டர்பன், ஓய்வுபெற்ற நூலகர்)

இன்னும் இரண்டு விஷயம். நூலகத்துக்கென்று வாங்கியது என்பதற்காக ஊர் மக்களைக் கூட்டித் திரையிட உரிமை தானாக வந்துவிடாது. வகுப்பில் பாடமாகக் காட்டுவது வேறு, பொதுத் திரையிடல் வேறு. விலைப்பட்டியலில் பொதுத் திரையிடல் உரிமம் என்று இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் இன்றைக்கே எழுதிக் கேளுங்கள். தமிழ் சப்டைட்டில் சேர்த்திருப்பதையும் அதே கடிதத்தில் சொல்லிவிடுங்கள்.

அப்புறம் அட்டவணை. நூலக அட்டவணைக்கான மார்க் பதிவில் 538ஆம் புலத்தில் ரீஜனையும் டிவி முறையையும் எழுதுங்கள், 546இல் பேச்சு மொழி, சப்டைட்டில் மொழி. இதை எழுதாமல் விட்ட நூலகங்களில் நல்ல படங்கள் 'ஓடாது' என்ற சீட்டோடு அலமாரியில் கிடப்பதைப் பார்த்து வருந்தியிருக்கிறேன். சிலை வார்ப்புப் படத்துக்கு அந்த நிலை வர வேண்டாம்.

கேட்டவர்

ஐயா, அக்கா, மிக்க நன்றி. சட்டக வேகத்தை மாற்றியதும் கடைசி வரிவரை பேச்சோடு ஒட்டி வருகிறது. விலைப்பட்டியலில் உரிமம் இல்லை, கடிதம் அனுப்பிவிட்டேன். ரீஜனை 2க்குத் திருப்பி, கணினி மேல் எழுதியும் ஒட்டிவிட்டோம். ஒரே சிக்கல், அரங்கில் டிவி சுவரில் உயரத்தில் இருக்கிறது. எச்.டி.எம்.ஐ. துளை கைக்கு எட்டவில்லை, பென்டிரைவ் மட்டும்தான் செருக முடிகிறது.

பதில் 2

அப்படியென்றால் எழுத்தைப் படத்தோடு பதித்துவிடுங்கள். ஹேண்ட்பிரேக் என்ற படம் மாற்றும் மென்பொருளில் படத்தைத் திறந்து, சப்டைட்டில் பகுதியில் உங்கள் ஃபைலைச் சேர்த்து, படத்தில் பதிக்கும் பெட்டியில் டிக் போடுங்கள். கடிதத்துக்குச் சம்மதம் வந்த பிறகு செய்யுங்கள், இதுவும் ஒரு பிரதிதானே. முதலில் ஐந்து நிமிடத் துண்டு ஒன்றை மட்டும் எடுத்து அதே டிவியில் போட்டு, கடைசி வரிசை நாற்காலியிலிருந்து படிக்க முடிகிறதா என்று பாருங்கள். சின்னதாகத் தெரிந்தால் எழுத்தின் அளவைக் கூட்டிவிட்டு முழுப் படத்தையும் ஓடவிடுங்கள். பழைய கணினியாக இருந்தால் நேரம் பிடிக்கும், ராத்திரி போட்டுவிட்டு வாருங்கள்.