சூடான பிறகு வலதுபக்க இன்ஜெக்டர் தண்ணீர் எடுக்க மறுக்கிறது, எதைக் கழற்றுவது?

கரித்தூசி:
வணக்கம். விடுமுறை நாட்களில் கூடி ஒரு பழைய ஸ்டீம் எஞ்சினை மறுபடி ஓட வைக்கும் சிறு குழு நாங்கள். யாருக்கும் இது தொழில் இல்லை. பாய்லர் டியூப் எல்லாம் மாற்றி, ஹைட்ராலிக் டெஸ்ட், ஸ்டீம் டெஸ்ட் இரண்டும் முடிந்து இன்ஸ்பெக்டர் கையெழுத்தும் வாங்கியாயிற்று. வேலை அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 10 கிலோ. இப்போது ஷெட் வளாகத்துக்குள்ளேயே மெதுவாக முன்னும் பின்னும் ஓட்டிப் பார்க்கிறோம்.

ஆவியின் வேகத்தால் பாய்லருக்குள் தண்ணீரைத் தள்ளும் இன்ஜெக்டர்கள் இரண்டில் வலதுதான் தலைவலி. காலையில் அழுத்தம் ஏறியதும் தண்ணீரைத் திறந்து, ஸ்டீமைத் திறந்தால் ஓவர்ஃப்ளோவில் (உள்ளே போகாதது வெளியே கொட்டும் குழாய்) கொஞ்சம் சிந்திவிட்டு உடனே பிடித்துக்கொள்கிறது, அந்தப் பாடுகிற சத்தமும் வருகிறது. ஆனால் ஒரு மணி நேரம் போனதும் அதே இன்ஜெக்டர் பிடிப்பதே இல்லை, ஓவர்ஃப்ளோ வழியாக ஆவியும் கொதிநீருமாகக் கக்குகிறது. தண்ணீர் வால்வைக் கூட்டிக் குறைத்து எல்லாம் பார்த்தாயிற்று. இடதுபக்கம் நாள் முழுக்க ஒழுங்காக வேலை செய்கிறது. இரண்டும் டிரைவர் நிற்கும் ஃபுட்பிளேட்டுக்குக் கீழே, டேங்க் மட்டத்துக்கும் கீழே இருப்பவை. இன்ஜெக்டருக்குள் இருக்கும் கூம்புக் குழல்களை, அதாவது கோன்களை, கழற்றலாம் என்று குழுவில் பாதிப் பேர் சொல்கிறார்கள். கழற்றவா?

இரும்புவண்டி:
டெண்டர் (எஞ்சினுக்குப் பின்னால் தண்ணீர் டேங்க் உள்ள வண்டி) மூடிக்குப் புதிதாக ரப்பர் போட்டீர்களா? காற்றுத் துளை அடைந்திருந்தால் தண்ணீர் குறையக் குறைய டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி இழுவை நின்றுவிடும். மூடியைத் திறந்து வைத்து ஓட்டிப் பாருங்கள்.

கரித்தூசி:
ரப்பர் போட்டது உண்மைதான். ஆனால் இடது இன்ஜெக்டரும் அதே டேங்கில்தான் எடுக்கிறது, அது ஒன்றும் சொல்லவில்லையே. மூடியைத் திறந்து வைத்தும் பார்த்தோம், மாற்றமில்லை.

ஈரத்துணி:
அடுத்த முறை மறுக்கும்போது இன்ஜெக்டர் உடம்பின் மேல் ஒரு வாளி பச்சைத் தண்ணீரை ஊற்றுங்கள், இல்லை என்றால் நனைத்த சாக்கைச் சுற்றுங்கள். பழைய டிரைவர்கள் எல்லாம் செய்தது இதுதான். பிடித்துக்கொள்ளும்.

கரித்தூசி:
ஊற்றினோம் அண்ணே, உடனே பிடித்தது! ஆனால் ஒவ்வொரு முறையும் வாளியோடு ஒருவர் கீழே நிற்க முடியாதே.

கொதிகலன்கிறுக்கு:
நிற்க வேண்டாம் தம்பி. அந்த வாளியிலேயே உங்கள் பதில் இருக்கிறது. ஊற்றியதும் வேலை செய்கிறது என்றால் கோன்களில் பெரிய கோளாறு இல்லை, எங்கிருந்தோ சூடு வந்து சேர்கிறது. அதைக் கண்டுபிடிக்கும் வரை இன்ஜெக்டரில் ஸ்பேனரே வைக்காதீர்கள்.

காரணம் இதுதான். ஸ்டீம் கோனிலிருந்து பாய்ந்து வரும் ஆவி, கம்பைனிங் கோனில் குளிர்ந்த தண்ணீரோடு சேர்ந்து சட்டென்று நீராகச் சுருங்குகிறது. அப்போது உண்டாகும் வெற்றிடமும் ஆவியின் வேகமும் சேர்ந்துதான் தண்ணீரைத் தள்ளுகின்றன. டெலிவரி கோன் போகப் போக விரிவதால் அங்கே வேகம் குறைந்து அழுத்தமாக மாறுகிறது, அது பாய்லர் அழுத்தத்தையே மிஞ்சி கிளாக் வால்வை (தண்ணீரை பாய்லருக்குள் மட்டும் விட்டு, திரும்பி வராமல் தடுப்பது) தூக்கிவிட்டு உள்ளே போகிறது. அசையும் பாகம் ஏறக்குறைய எதுவுமில்லாமல் இவ்வளவையும் செய்கிற ஒரு சாமானை 1858லேயே பிரெஞ்சுக்காரர் ஜிஃபார் யோசித்துவிட்டார் என்பது எனக்கு இன்னும் ஆச்சரியம்தான். தண்ணீரோ இன்ஜெக்டர் உடம்போ சூடாகிவிட்டால் ஆவி முழுவதும் நீராகாது, ஓட்டம் உடைந்து எல்லாம் ஓவர்ஃப்ளோவில் கொட்டும். நீங்கள் சொல்வது அதே அடையாளம்.

இரண்டு பக்கமும் டேங்கில் ஒரே தண்ணீர், அதனால் டேங்க் சூடு காரணமில்லை. மிச்சம் இரண்டு வழி. ஒன்று, ஸ்டீம் வால்வு மூடியபோதும் கசிகிறது. இல்லை, கிளாக் வால்வு சரியாக உட்காராமல் பாய்லர் தண்ணீர் டெலிவரி குழாய் வழியாகப் பின்னால் வருகிறது. 10 கிலோவில் பாய்லர் தண்ணீர் 184 டிகிரி, அதில் சொட்டுச் சொட்டாக வந்தாலே போதும். கிளாக்குக்கும் பாய்லருக்கும் நடுவே தனியாக ஸ்டாப் வால்வு உண்டா?

கரித்தூசி:
உண்டு ஐயா. சூட்டை அளக்க இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரும் இருக்கிறது. ஆனால் அது டெலிவரி குழாயில் 60 டிகிரிகூடக் காட்டவில்லை. கை வைத்தாலோ சுடுகிறது.

கொதிகலன்கிறுக்கு:
பளபளப்பான செம்புக் குழாயில் அந்தக் கருவி குறைத்துத்தான் காட்டும். குழாய் ஆறியிருக்கும்போது சூடு தாங்கும் மங்கலான கறுப்பு பெயிண்டை அங்கங்கே திட்டாகப் பூசி, அதன் மேல் அளந்து பாருங்கள். கையை வைக்காதீர்கள்.

பிறகு இப்படிச் செய்யுங்கள். இன்ஜெக்டர் மறுக்கும் நிலைக்கு வந்ததும் ஸ்டாப் வால்வை மூடிவிட்டு, குழாய் ஆறுகிறதா என்று அரைமணி நேரம் கவனியுங்கள். ஆறினால் குற்றவாளி கிளாக். ஆறாமல் இன்ஜெக்டர் உடம்பு சூடாகவே இருந்தால் ஸ்டீம் வால்வு. வால்வு மூடியிருக்கும்வரை அந்த இன்ஜெக்டரை யாரும் தொடக்கூடாது, கைப்பிடியில் ஒரு அட்டை கட்டித் தொங்கவிடுங்கள். அந்த நேரத்தில் இடதுபக்கம் ஒன்றுதான் கையில் இருக்கும், அதனால் பாய்லர் நீர்மட்டம் காட்டும் கேஜ் கிளாஸில் தண்ணீரை முன்கூட்டியே உயர்த்தி வைத்து, எஞ்சினை நகர்த்தாமல் நெருப்பையும் குறைத்துக்கொண்டு சோதியுங்கள்.

இன்னொன்று. ஸ்டாப் வால்வு இருக்கிறதே என்ற நம்பிக்கையில் அழுத்தத்தோடு கிளாக் மூடியைக் கழற்றாதீர்கள். அந்த வால்வும் உங்கள் எஞ்சின் வயசுதான்.

இரும்புவண்டி:
ஒரு இன்ஜெக்டரை மட்டும் நம்பி இத்தனை நேரம் ஓட்டினீர்களா? பாய்லருக்குத் தண்ணீர் போக இரண்டு தனித்தனி வழி வேலை செய்ய வேண்டும் என்பது சும்மா வைத்த விதி இல்லை. அந்த ஒன்றும் மறுத்தால் நெருப்பைக் கொட்டுவதைத் தவிர வழியில்லை. ஃபியூசிபிள் பிளக் (சூடு மிஞ்சினால் உருகும் ஈயம் வைத்த அடைப்பான்) இருக்கிறதே என்று சொல்லாதீர்கள். அதில் இருக்கும் ஈயம் உருகும் 327 டிகிரி வருகிறது என்றால் ஃபயர்பாக்ஸ் கூரை ஏற்கெனவே தண்ணீரை விட்டு வெளியே வந்துவிட்டது என்று அர்த்தம்.

கரித்தூசி:
சரிதான். இது முடியும்வரை எஞ்சினை நகர்த்துவதில்லை என்று குழுவில் முடிவு செய்துவிட்டோம்.

சோதனை செய்தாயிற்று. கறுப்புத் திட்டுகளில் அளந்தால் கிளாக் பக்கம் 150க்கு மேல், இன்ஜெக்டரை நோக்கி வர வரக் குறைகிறது. ஸ்டாப் வால்வை மூடியதும் குழாய் மெல்ல ஆறிவிட்டது, வால்வை மறுபடி திறந்த உடனே ஸ்டீம் கொடுத்தால் முதல் தடவையே பிடித்தது. அடுத்த நாள் பாய்லர் முழுக்க ஆறி, அழுத்தம் பூஜ்யம் என்று உறுதி செய்த பிறகு கிளாக்கைத் திறந்தோம். வால்வு உட்காரும் சீட்டின் ஓரத்தில் துருச் சில்லு ஒன்று நசுங்கி ஒட்டிக்கொண்டிருந்தது, அதற்கு நேராக வால்வு முகத்திலும் ஒரு வடு. துரு எங்கிருந்து வந்தது என்று பின்னாலேயே போனால், டெண்டரில் வலதுபக்க வடிகட்டியின் சல்லடை ஓரம் கிழிந்திருக்கிறது. இடதுபக்கத்துச் சல்லடை முழுசாக இருக்கிறது.

நுண்ணிய பேஸ்ட் போட்டுத் தேய்த்து உட்கார வைத்தோம், புதுச் சல்லடை போட்டோம். இப்போது மதியம் வரை வைத்திருந்தும் பிடிக்கிறது. ஆனால் பிடித்த பிறகும் ஓவர்ஃப்ளோவில் நூல் மாதிரி தண்ணீர் ஒழுகிக்கொண்டே இருக்கிறது, காலையிலும்கூட. இது வேறு கோளாறா?

ஈரத்துணி:
முதலில் ஓவர்ஃப்ளோ வால்வைப் பாருங்கள். அது சரியாக மூடாவிட்டால் காற்று உள்ளே போய் ஓட்டத்தைக் கெடுக்கும். அங்கேயும் துரு உட்கார்ந்திருக்கலாம்.

கொதிகலன்கிறுக்கு:
ஆமாம், சல்லடை வழியாகப் போன துரு எல்லாம் கிளாக்குக்கு முன்னால் கோன் வழியாகத்தான் போயிருக்கிறது. இப்போது கோனைக் கழற்றுங்கள், இனி அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. உள்ளே சுண்ணாம்புப் படிவு இருந்தால் கம்பியாலோ ஸ்க்ரூடிரைவராலோ சுரண்ட வேண்டாம், நீர்த்த வினிகரில் ஊறப்போட்டுக் கழுவினால் போதும். அப்புறம் டெலிவரி கோனின் குறுகலான துளையை அளந்து பாருங்கள், டிரில் பிட்டின் வழவழப்பான பின்பக்கம் போதும், மெதுவாக நுழைத்துப் பார்க்கலாம். பல இன்ஜெக்டர்களில் நம்பரே அந்தத் துளையின் மில்லிமீட்டர்தான், 9 என்றால் 9 மில்லிமீட்டர். உடம்பில் என்ன நம்பர் பொறித்திருக்கிறது, துளை எவ்வளவு வருகிறது என்று இரண்டையும் எழுதுங்கள். தேய்ந்து பெரிதாகியிருந்தால் புதுக் கோன் கடைய வேண்டியதுதான், தேய்த்துச் சரிசெய்ய வராது.

கரித்தூசி:
கழற்றிவிட்டு அளவோடு வருகிறேன். இடது கிளாக்கையும் சேர்த்தே திறந்து பார்க்கலாமா, ஒழுங்காக ஓடுவதைத் தொட வேண்டாம் என்கிறார்கள்.

இரும்புவண்டி:
பாய்லர் ஆறியிருக்கிற நாளிலேயே அதையும் திறந்து பார்த்துவிடுங்கள். கேஸ்கெட் மட்டும் புதுசாக வாங்கி வைத்துக்கொண்டு திறங்கள்.