டயாலிசிஸ் குழாய்க்கு மாற்று உண்டா?

அறிவியல் ஆசிரியர்களுக்கு வணக்கம். குடல் உறிஞ்சுதலைக் காட்டும் சோதனைக்கு டயாலிசிஸ் குழாய் (சிறிய மூலக்கூறுகளை மட்டும் வெளியே விடும் சவ்வுக் குழாய்) கிடைக்கவில்லை. குழாய்க்குள் 1% ஸ்டார்ச் கரைசல் 10 மி.லி., உமிழ்நீர் 2 மி.லி.; வெளியே 37 டிகிரியில் 20 மி.லி. தண்ணீர், அரை மணி நேரம். தண்ணீர் கூடினால் சர்க்கரையைக் காட்டும் பெனடிக்ட் சோதனையில் நிறமாற்றமே தெரியாது. முடிச்சு கசிந்தாலோ வெளிப்புறத்தைக் கழுவாவிட்டாலோ முடிவு பொய்யாகிவிடும்.

பிளாஸ்டிக் பை சர்க்கரையை வெளியே விடாது. செலோபேன் (செல்லுலோஸ் தாள்) என்று கடையில் விற்பதும் பல நேரம் பிளாஸ்டிக்தான். பூச்சில்லாத அசல் செலோபேன் எங்கே கிடைக்கும்? வேறு எதிலாவது செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

இன்னொரு சந்தேகம், இதுதான் முக்கியம். குழாயைத் தாண்டி வருவது பெரும்பாலும், உமிழ்நீர் ஸ்டார்ச்சை உடைத்து உண்டாக்கும் மால்டோஸ் சர்க்கரை. குடலிலோ, செல்பரப்பிலுள்ள மால்டேஸ் நொதி அதைக் குளுக்கோஸாக உடைத்த பிறகே, சோடியத்தோடு சேர்ந்து உள்ளே போகிறது. தானாக நடக்கும் வெறும் பரவல் என்று பிள்ளைகள் நினைத்துவிடாமல் இதை எப்படி விளக்குகிறீர்கள்?