நுரைக்கும் சேர்த்துத்தான் காசு

ஐபிஏ என்கிற ஹாப்ஸ் தூக்கலான கசப்பு பியரைக் குடித்துக் குடித்து நாக்கு மரத்துப்போன கூட்டத்தில் நானும் ஒருவன். பில்ஸ்னர் என்ற வெளிறிய பொன்னிற பியர் என்றால் வெயிலுக்குக் குடிக்கும் தண்ணீர் என்றே நினைத்திருந்தேன். சில வருடங்களுக்கு முன்பு அமெரிக்காவின் டென்வரில் பியர்ஷ்டாட் லாகர்ஹவுஸ் என்ற பியர் ஆலைக்குப் போனபோதுதான் அந்த நினைப்பில் மண் விழுந்தது.

அன்று வண்டி ஓட்டும் முறை நண்பனுடையது. அவன் சோடாவோடு உட்கார்ந்துவிட்டான். நான் அங்கே பெயர்பெற்ற ‘ஸ்லோ போர் பில்ஸ்’, அதாவது நிதானமாக ஊற்றித் தரும் பில்ஸ்னர், கேட்டேன். குழாயைத் திறந்தவர், உயரமான ஒல்லிக் குவளையில் ஏறக்குறைய வெறும் நுரையாகவே நிரப்பி, அப்படியே வைத்துவிட்டு அடுத்த ஆளைக் கவனிக்கப் போனார். டீக்கடையில் நுரை கூடினால் ‘டீ எங்கே?’ என்று சண்டைக்கு நிற்கும் ஊரில் வளர்ந்தவன் நான். வாய்வரை வந்துவிட்டது. நண்பன்தான் தொடையில் தட்டி அடக்கினான்.

நுரை மெல்ல இறங்கியது. அவர் வந்து கொஞ்சம் ஊற்றினார், மறுபடி போனார். கடைசி முறை ஊற்றியபோது நுரை விளிம்புக்கு மேல் இரண்டு விரல் உயரம் எழும்பி, வழியாமல் நின்றது. குவளையின் காலில் பாவாடை மாதிரி ஒரு வட்டக் காகிதத்தை மாட்டி நீட்டினார். ஐந்து நிமிடமாவது ஆகியிருக்கும்.

கோபத்தோடுதான் முதல் மடக்கு. நுரை பாலாடை போல உதட்டில் ஒட்டியது. நிதானமாக ஊற்றுவதில் வாயு கணிசமாக வெளியேறிவிடுவதால் நாக்கில் சுருக்கென்று குத்தவில்லை. முதலில் சுட்ட ரொட்டியின் வாசம், பிறகு புல்லும் பூவுமாக ஜெர்மன் ஹாப்ஸ், பியருக்குக் கசப்பும் மணமும் தரும் பூ. கசப்பு இருக்கிறது, ஆனால் பாகற்காய்க் கசப்பல்ல, வேப்பம்பூ ரசத்தின் கசப்பு. தொண்டையில் ஒட்டாமல் போய்விடுகிறது.

1842-இல் இன்றைய செக் நாட்டின் பில்சென் நகரில் பில்ஸ்னரை முதலில் காய்ச்சிய யோசப் கிரோல் ஒரு பவேரியர். செக் பில்ஸ்னரில் கொஞ்சம் கனமும் இனிப்பும் உண்டு. ஜெர்மானியர்கள் பின்னாளில் அதை இனிப்புக் குறைத்து வறட்சியாக, கூர்மையாக ஆக்கிக்கொண்டார்கள். டென்வர்க்காரர்கள் பிடித்திருப்பது இந்த இரண்டாவது வழியை. ஜெர்மனியிலிருந்து கொண்டுவந்த பழைய செப்புக் கொப்பரைகளில் காய்ச்சி, வாரக்கணக்கில் குளிரில் கிடத்துகிறார்கள். வெளிறிய மால்ட்டில், அதாவது முளைகட்டி உலர்த்திய பார்லியில், சின்னப் பிசகைக்கூட மறைக்க முடியாது. ஐபிஏவில் ஹாப்ஸைக் கொட்டி மூடிவிடலாம் என்பது என் தனிப்பட்ட குசும்பு.

போகிறவர்களுக்கு ஒரு யோசனை: முதல் குவளை பாதி இருக்கும்போதே இரண்டாவதைச் சொல்லிவிடுங்கள்.

*

மேலே உள்ளதைப் படித்த இன்னொருவன் நான், நானும் ஒன்று சொல்கிறேன். என்னைப் பில்ஸ்னர் பக்கம் இழுத்தது விக்டரி என்ற அமெரிக்க பியர் ஆலையின் ‘பிரைமா பில்ஸ்’. பென்சில்வேனியாவின் டவுனிங்டவுனில் 1996-இல் தொடங்கிய ஆலை. இதில் ஆல்கஹால் 5.3 சதவீதம். எலுமிச்சைத் தோலை நகத்தால் கிள்ளியது போல ஒரு வாசம் வரும்.

அதற்குமுன் நான் பில்ஸ்னரையே வெறுத்ததற்குக் காரணம் ஒரு பச்சைப் பாட்டில். கடை ஜன்னலோரம் வெயிலில் நின்றதை வாங்கிவந்து திறந்தேன். அடுக்களையிலிருந்து மனைவியின் குரல்: “என்னங்க, ஸ்கங்க் ஏதாவது வீட்டுக்குள் வந்துவிட்டதா?” ஸ்கங்க் என்பது நாற்றத்தைப் பீய்ச்சும் ஒரு விலங்கு. வெளிச்சம் பட்டால் ஹாப்ஸின் கசப்புப் பொருள் சிதைந்து அந்த நாற்றத்தைக் கிளப்பிவிடும், பழுப்புக் கண்ணாடி தடுக்கும் அளவுக்குப் பச்சை தடுக்காது. இப்போதெல்லாம் கடையில் வெளியே அடுக்கியிருப்பதைத் தொடுவதில்லை. பிரிக்காத அட்டைப்பெட்டியாகக் கேட்டு வாங்குகிறேன்.