அனலிஸ்ட்டா, இன்ஜினியரா? எது பெரிய போஸ்ட்?

மஞ்சக்குப்பம்_பையன்:
ரெண்டு ஆஃபர் கையில இருக்கு. சென்னைல ஒரு பெரிய கம்பெனி, "புரோகிராமர் அனலிஸ்ட்". புதுச்சேரில பன்னிரண்டு பேர் வேலை பாக்குற சின்ன கம்பெனி, "சாஃப்ட்வேர் இன்ஜினியர்". சம்பளம் கிட்டத்தட்ட ஒண்ணுதான். "நாலு வருஷம் இன்ஜினியரிங் படிக்க வெச்சேன், லெட்டர்ல அந்த வார்த்தையே காணோமேடா"ன்னு அப்பா மூஞ்சியைத் தூக்கி வெச்சிருக்கார். எதுக்குப் போறது?

லாஸ்பேட்டை_அக்கா:
தம்பி, டெசிக்னேஷன்ங்கிறது வீட்ல கூப்பிடுற செல்லப்பேரு மாதிரி. வாசப்படி தாண்டினா யாருக்கும் தெரியாது. காக்னிசன்ட்ல புரோகிராமர் அனலிஸ்ட்னா ஆரம்பப் படி. இன்ஃபோசிஸ்ல சிஸ்டம்ஸ் இன்ஜினியர்தான் ஆரம்பம், டெக்னாலஜி அனலிஸ்ட் அதுக்கு மேல. ஒரே அனலிஸ்ட், அங்க கீழ, இங்க மேல!

அந்தக் காலத்துல சிஸ்டம்ஸ் அனலிஸ்ட் என்ன வேணும்னு எழுதிக் கொடுப்பார், புரோகிராமர் அதுக்கு கோடு (கம்ப்யூட்டர் புரோகிராம்) எழுதுவார். ரெண்டையும் ஒரே ஆள் தலையில கட்டினப்போ வந்த பேருதான் புரோகிராமர் அனலிஸ்ட். இன்ஜினியரை விட மட்டம்னு அதுக்கு அர்த்தமே இல்ல.

என் கதையைக் கேளு. ஒன்றரை வருஷ அனுபவத்துல, புதுச்சேரிலயே ஒரு சின்ன ஆபீஸ்ல நான் "சீனியர் சாஃப்ட்வேர் இன்ஜினியர்". மொத்தமே மூணு பேர். பிரிண்டருக்கு இங்க் மாத்துறதும் சீனியர்தான். அப்புறம் சென்னைக்குப் போனா வெறும் "இன்ஜினியர்". சம்பளம் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அம்மா மட்டும் "பதவியைப் பிடுங்கிட்டாங்களா"ன்னு ஒரு வாரம் சரியா சாப்பிடல.

ஹெச்.ஆருக்கு போன் பண்ணி மூணு விஷயம் கேளு. புதுசா சாஃப்ட்வேர் எழுதுற டெவலப்மென்ட்டா, ஏற்கெனவே ஓடுறதைப் பாத்துக்கிற சப்போர்ட்டா? நைட் ஷிஃப்ட் உண்டா? நான் எழுதுற கோடை ரிவியூ பண்ண, அதாவது படிச்சுப் பாத்து தப்பு சொல்ல, சீனியர் யாராவது இருக்காங்களா? கடைசிக் கேள்வியை விட்டுடாதே, எனக்கு அந்த மூணு பேர் ஆபீஸ்ல அப்படி யாருமே இல்ல.

முதுநகர்_டு_டொராண்டோ:
கனடாவுல இந்த "இன்ஜினியர்" பெரிய வம்பு. டொராண்டோ இருக்குற ஒன்டாரியோ மாகாணத்துல லைசென்ஸ் இல்லாம அந்தப் பட்டத்தைப் போட்டுக்கக் கூடாது. அதனால நான் "டெவலப்பர்". ஊருக்கு வந்தா மட்டும் இன்ஜினியர். கல்யாணப் பத்திரிகையிலயும் அப்படித்தான் அடிச்சாங்க.

மஞ்சக்குப்பம்_பையன்:
அக்கா, கேட்டுட்டேன். சென்னைல சப்போர்ட், ராத்திரி ஷிஃப்ட். புதுச்சேரில ஜாவாங்கிற புரோகிராமிங் மொழில டெவலப்மென்ட், ரிவியூவுக்கு எட்டு வருஷ ஆள் ஒருத்தர் இருக்கார். புதுச்சேரிக்கே சரின்னுட்டேன். கடலூர்ல இருந்து தினம் பஸ்ல போய்ட்டு வந்துடலாம். இப்ப அப்பா, "பன்னிரண்டு பேர்தானா?"ன்னு ஆரம்பிச்சுட்டார்.